பக்க நோட்டிலிருந்து தொடங்குங்கள்: சிக்கலான நிறுவனப் பிரச்சினைகளை அவிழ்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலை ஒன்பது மணி ரவுண்ட்ஸில் டாக்டர், "இன்னைக்கு நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். நோயாளியின் மகன் பையை அடுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பத்தாகிறது, பன்னிரண்டாகிறது, மாலை நாலரைக்குத்தான் டிஸ்சார்ஜ் தாள் கைக்கு வருகிறது. இதற்கிடையே, அவசரப் பிரிவில் ஒருவர் அந்தப் படுக்கைக்காகவே ஸ்ட்ரெச்சரில் காத்துக்கிடக்கிறார்.

நிர்வாகம் என்ன செய்யும்? புது மென்பொருள் வாங்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நாலரை நாலேகால் ஆகியிருக்கும். அப்புறம் ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பு, அதற்கும் பிறகு கண்டிப்பான சுற்றறிக்கை. கணினிப் பிரிவு "ஆட்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை" என்னும். வார்டு "இந்த மென்பொருளே சரியில்லை" என்னும். இரண்டு பேரும் பாதி உண்மைதான் சொல்கிறார்கள். மீதிப் பாதி இரண்டும் சேரும் மூட்டில் இருக்கிறது. அந்த மூட்டை மட்டும் பார்க்க ஆளில்லை, ஏனென்றால் அது யாருடைய துறையும் இல்லை.

அந்த மூட்டைப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்குப் பெயர்தான் சமூக-தொழில்நுட்ப அமைப்புச் சிந்தனை. பெயர் கொஞ்சம் கனம். விஷயம் அவ்வளவு கனமில்லை. ஒரு நிறுவனத்தில் கருவி, மென்பொருள், விதிமுறை எல்லாம் ஒரு பக்கம். யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள், யாருக்கு யார் பதில் சொல்ல வேண்டும், எதற்காகப் பாராட்டு, எதற்காகத் திட்டு என்பவை மறுபக்கம். ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில் வைத்து வடிவமைக்க வேண்டும்.

மேலே சொன்ன டிஸ்சார்ஜ் கதையையே, ஒரு கற்பனை மருத்துவமனையில் நடப்பதாக வைத்துக்கொண்டு, கட்டுரை முழுக்கக் கூட்டிப்போகிறேன். உங்கள் இடம் கிடங்காகவோ வங்கியாகவோ அரசு அலுவலகமாகவோ இருக்கலாம். படிகள் மாறாது.

நிலக்கரிச் சுரங்கத்தில் பிறந்த யோசனை

இந்தச் சிந்தனை பிறந்தது அலுவலகங்களுக்குக் கணினி வருவதற்கு முன்பு, பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில். 1947இல் அங்கே சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. புது இயந்திரங்கள் இறங்கின. ஆனால் உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை, வேலைக்கு வராதவர்கள் அதிகமானார்கள். வேலையிட மனித உறவுகளை ஆராயும் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்டும் கென் பாம்ஃபோர்த்தும் இதை ஆராய்ந்து 1951இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாம்ஃபோர்த் அதற்கு முன் பல ஆண்டுகள் சுரங்கத்தில் கரி வெட்டியவர் என்பது முக்கியமான தகவல். வெளியிலிருந்து பார்த்தவருக்கு அந்தக் கட்டுரையை எழுத வந்திருக்காது.

அவர்கள் கண்டது இது. பழைய முறையில் இரண்டு மூன்று பேர் கொண்ட சிறு குழு, தன் இடத்தில் வெட்டுவதிலிருந்து வண்டியில் ஏற்றுவது வரை எல்லாவற்றையும் தானே செய்தது. நீண்ட கரிச்சுவர் ஒன்றை ஒரே தொடராக வெட்டும் புதிய நீள்சுவர் முறையில் வேலை மூன்று ஷிஃப்டாகத் துண்டானது. ஒரு ஷிஃப்ட் வெட்டும், ஒரு ஷிஃப்ட் கரியைக் கொண்டுபோகும் கடத்துபட்டையை நகர்த்திப் பாதையைச் சரிசெய்யும், ஒரு ஷிஃப்ட் கரியை அள்ளும். ஒவ்வொருவருக்கும் ஒரே வேலை, தனித்தனிக் கூலி. முந்தைய ஷிஃப்ட் பாதியில் விட்டால் அவதிப்படுவது அடுத்த ஷிஃப்ட். ஆனால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. மண்ணுக்கடியில், இருட்டில், கூரை எப்போது சரியுமோ என்ற நிலையில், பழைய குழு அந்த நிச்சயமின்மையை அங்கேயே சமாளித்தது. புதிய முறை அந்தத் திறமையையே கழற்றிப் போட்டுவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்து வருவதுதான். டர்ஹம் பகுதியில் சில இடங்களில் தொழிலாளர்கள் அதே இயந்திரத்தை வைத்துக்கொண்டு வேறு மாதிரி வேலை செய்தார்கள். நாற்பது பேர் அளவிலான ஒரே குழு, கூலியைப் பொதுவாகப் பகிர்ந்துகொண்டது. யார் எந்த ஷிஃப்ட், எந்த வேலை என்று தங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டார்கள். முந்தைய ஷிஃப்ட் எங்கே விட்டதோ அங்கிருந்து அடுத்தது தொடர்ந்தது. பிறகு டிரிஸ்டும் சகாக்களும் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டபோது, துண்டாடிய முறையில் வேலைக்கு வராமை 20 சதவீதம், சேர்ந்து செய்த முறையில் 8.2 சதவீதம். எட்டக்கூடிய உற்பத்தியில் முதலாவது 78 சதவீதத்தை எட்டியது, இரண்டாவது 95 சதவீதத்தை. இயந்திரம் ஒன்றே, அமைப்பு வேறு.

இதெல்லாம் பழங்கதை என்று தோன்றினால், இன்னொன்று. 2005இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. மருந்துச் சீட்டு எழுதுவதைக் கணினிக்கு மாற்றிய பிறகு, வேறு இடங்களிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம் 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக உயர்ந்திருந்தது. முன்பெல்லாம் குழந்தை ஆம்புலன்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே மருந்துகளுக்கு எழுதிவிடுவார்கள். புதிய முறையில் குழந்தை வந்து பதிவாகும்வரை கணினி ஏற்காது. வார்டிலேயே இருந்த மருந்துகள் மைய மருந்தகத்துக்குப் போய்விட்டன. டாக்டரும் நர்ஸும் படுக்கையருகே இருந்த நேரம் திரைமுன் போனது. அதே மென்பொருளைச் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையும் போட்டது. அங்கே இறப்பு கூடவில்லை. ஆக "நல்ல மென்பொருளா, கெட்ட மென்பொருளா" என்ற கேள்வியே இங்கே தவறான கேள்வி. எந்த வேலைமுறைக்குள் அது போய் உட்கார்ந்தது என்பதுதான் கேட்க வேண்டியது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் படி: பிரச்சினையைத் தீர்வு கலக்காமல் எழுதுங்கள்

"நமக்கு ஒரு டாஷ்போர்டு இல்லை" என்பது பிரச்சினை அல்ல, தீர்வு பிரச்சினை வேஷம் போட்டு வந்திருக்கிறது. "வார்டுக்கும் பில்லிங்குக்கும் ஒத்துப்போகவில்லை" என்பதும் அப்படித்தான், அது ஏற்கெனவே ஒரு தீர்ப்பு. நடப்பதை மட்டும் எழுதுங்கள்: "வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நேரத்துக்கும் நோயாளி வார்டை விட்டுக் கிளம்பிய நேரத்துக்கும் நடுவே பெரும்பாலும் ஏழு மணி நேரம் ஆகிறது."

அப்புறம் எல்லையை வரையுங்கள். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, யார் யார் உள்ளே? துறைகளின் எல்லையையே உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளாதீர்கள். வேலை துறை பார்த்து நடப்பதில்லை. ஒரு நோயாளியைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனால் எத்தனை துறை வாசலை மிதிக்கிறீர்களோ, அத்தனையும் உள்ளே. காப்பீட்டு நிறுவனம் போல உங்கள் அதிகாரத்துக்கு அப்பால் இருப்பவற்றையும் படத்தில் காட்டுங்கள், கோட்டுக்கு வெளியே.

இதற்கு அரை நாள் போதும். எல்லை பின்னால் மாறத்தான் செய்யும்.

இரண்டாம் படி: பக்க நோட்டைத் தேடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நிறுவனத்திலும் அதிகாரப்பூர்வமான முறைக்குப் பக்கத்தில் இன்னொரு முறை ஓடிக்கொண்டிருக்கும். மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு. கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டு. யாரோ ஒருவர் தனக்காக வைத்திருக்கும் எக்செல் கோப்பு. மேலதிகாரி இல்லாத வாட்ஸ்அப் குழு. நிர்வாகம் இவற்றைப் பார்த்தால் ஒழுங்கீனம் என்று நினைக்கும். நான் இவற்றை அந்த நிறுவனத்தின் மிக நேர்மையான ஆவணங்கள் என்பேன். அதிகாரப்பூர்வமான முறையில் எங்கே ஓட்டை இருக்கிறதோ, துல்லியமாக அங்கேதான் ஒரு பக்க நோட்டு முளைக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் யாரும் வேலை மெனக்கெட்டு இரண்டு தடவை எழுத மாட்டார்கள்.

ஆனால் "நோட்டைக் காட்டுங்க" என்று கேட்டுப் போனால் காட்ட மாட்டார்கள். காட்டினால் பிடுங்கிவிடுவீர்கள் என்ற பயம், அது நியாயமான பயம். ஆகவே நேரத்தைச் செலவு செய்யுங்கள். ஒரு முழு ஷிஃப்ட் கூடவே இருங்கள், முடிந்தால் இரவு ஷிஃப்டும். பேனா எடுக்காமல் முதல் இரண்டு மணி நேரம் சும்மா பாருங்கள். கையில் ஸ்டாப்வாட்சோடு நிற்காதீர்கள். என்ன எழுதுகிறீர்கள், அது யாருக்குப் போகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள். நீங்கள் எழுதிய எதையும் வைத்து ஒருவருக்கு மெமோ போனால், அந்தக் கட்டடத்தில் உங்கள் வேலை அன்றோடு முடிந்தது.

கேட்க வேண்டிய கேள்விகளும் கொஞ்சம் வேறு மாதிரி. "நீங்கள் இதை எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் விதிமுறைப் புத்தகத்தை ஒப்பிப்பார்கள். "நேற்று கடைசியா போன நோயாளிக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட நாள் என்று வந்துவிட்டால் ஒப்பிக்க முடியாது. "புதுசா வர்றவங்களுக்கு, புத்தகத்தில் இல்லாத எதைச் சொல்லிக்கொடுப்பீங்க?" "நீங்க லீவில் போனா எது நின்னு போகும்?" இந்த மூன்றும் என்னை இதுவரை ஏமாற்றியதில்லை.

நான் முதன்முதலில் இப்படி ஒரு வேலைப் படம் வரைந்தது, வார்டிலோ கிடங்கிலோ அல்ல, குளிரூட்டிய கூட்ட அறையில், மேலாளர்கள் சொல்லச் சொல்ல. அழகான படம், அம்புக்குறியெல்லாம் நேர்த்தி. சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்த கிடங்கு ஊழியர் ஒருவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு சார், நம்ம ஆபீஸ் எப்போ இப்படி ஆகும்?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே எதிர்காலத் திட்டம் என்று நினைத்துவிட்டார்.

நம் கற்பனை மருத்துவமனைக்கு வருவோம். மூன்றாவது மாடி வார்டின் மூத்த நர்ஸிடம் ஒரு நோட்டு இருக்கிறது. தினமும் மாலை ஆறு மணிக்கு அவர் அதில் நாலைந்து படுக்கை எண்களை எழுதுகிறார், சிலவற்றுக்கு எதிரே கேள்விக்குறி. நாளைக்கு வீட்டுக்குப் போவார்கள் என்று அவர் நினைப்பவர்கள். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. எழுதி வைத்தால், மிச்சமான மருந்துகளை மருந்தகத்துக்கு முன்கூட்டியே திருப்பலாம், குடும்பத்தினரிடம் "நாளைக்கு யார் வருவீங்க?" என்று கேட்டுவைக்கலாம். அவர் பணியில் இருக்கும் நாட்களில் அந்த வார்டு மட்டும் சீக்கிரம் காலியாகிறது. இது எந்த அறிக்கையிலும் இல்லை.

மூன்றாம் படி: வேலையைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

இது சுலபம். ஒரு பெரிய தாள். நோயாளி வீட்டுக்குப் போவதற்கு முன் எந்தெந்த நிலை மாற வேண்டும் என்று வரிசையாக: முடிவு எடுத்தல், சுருக்க அறிக்கை எழுதுதல், மருந்து திருப்புதல், பில் முடித்தல், காப்பீட்டு ஒப்புதல், மருந்தும் விளக்கமும் கொடுத்தல், கிளம்புதல். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி. ஒரு வரியில் கருவியும் விதியும், மற்ற வரியில் ஆளும் உறவும்: யார் செய்கிறார், யாரைக் கேட்டுச் செய்கிறார், தாமதமானால் யார் யாரைத் திட்டுவார். "திட்டுவார்" என்பதை நிஜமாகவே எழுதுங்கள். பயம் எந்தப் பக்கம் பாய்கிறது என்று தெரிந்தால் தகவல் எந்தப் பக்கம் தேங்குகிறது என்று தெரியும்.

நான்காம் படி: விலகல் அட்டவணை

இப்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையே வரும் வித்தியாசத்தை இங்கே விலகல் என்போம். ஆய்வக முடிவு வரவில்லை. மருந்து திரும்பவில்லை. காப்பீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கிறார். குடும்பத்தில் யாரும் வரவில்லை. பார்த்ததையும் கேட்டதையும் வைத்து எழுதினால் முப்பது நாற்பது தேறும்.

அவற்றை ஒரு கட்டத்தில், வேலை நடக்கும் வரிசையிலேயே, இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் எழுதி, எது எதைத் தூண்டுகிறது என்று குறியிடுங்கள். மருந்து திரும்பாததால் பில் முடியாது, பில் முடியாததால் காப்பீட்டுக்கு அனுப்ப முடியாது. குறியிட்டு முடித்ததும், சில வரிகளில் மட்டும் குறிகள் குவிந்திருக்கும். நாற்பதில் நாலைந்துதான் மற்ற எல்லாவற்றையும் கிளப்பிவிடுகிற தாய் விலகல்கள். கவனம் முழுக்க அங்கே.

நம் உதாரணத்தில் குறிகள் குவிந்த வரி யாரும் எதிர்பார்க்காதது: "டிஸ்சார்ஜ் முடிவு மற்றவர்களுக்குத் தாமதமாகத் தெரிகிறது." டாக்டர் ஒன்பது மணிக்குச் சொல்லிவிட்டாரே? சொன்னார், நோயாளியிடம். மருந்தகத்துக்கும் பில்லிங்குக்கும் அது தெரிவது மென்பொருளில் டியூட்டி டாக்டர் "டிஸ்சார்ஜ்" பொத்தானை அழுத்தும்போதுதான். அவர் அதை மதியம் வரை அழுத்துவதில்லை. சோம்பலா? இல்லை. அழுத்தினால் அந்த நோயாளியின் மருந்துப் பட்டியல் பூட்டிக்கொள்ளும், பிறகு ஒரு வேளை மாத்திரை கொடுக்கக்கூடக் கணினிப் பிரிவுக்குப் போன் போட்டுத் திறக்கச் சொல்ல வேண்டும். ஒரு தடவை அப்படி ஆகி, பெரிய டாக்டரிடம் திட்டு வாங்கியிருக்கிறார். அதிலிருந்து எல்லாம் முடிந்த பிறகே பொத்தான்.

இதைத்தான் மூட்டு என்றேன். பட்டியலைப் பூட்டியவருக்கு ஒரு நியாயம் இருந்தது: கிளம்பிய நோயாளிக்குத் தவறுதலாக மருந்து போகக்கூடாது. தள்ளிப்போடுகிற டாக்டருக்கும் நியாயம் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் தப்பு செய்யவில்லை, சேர்த்துப் பார்த்தால் ஏழு மணி நேரம்.

ஐந்தாம் படி: யாருக்குத் தெரிகிறது, யாரால் சரிசெய்ய முடியும்?

ஒவ்வொரு தாய் விலகலுக்கும் நான்கு கேள்வி. எங்கே பிறக்கிறது? முதலில் யார் கண்ணில் படுகிறது? இப்போது யார் சரிசெய்கிறார்? சரிசெய்ய அவருக்குத் தகவலும் அதிகாரமும் இருக்கிறதா?

சமூக அறிவியலாளர் ஆல்பர்ட் செர்ன்ஸ் 1976இல் இத்துறையின் வடிவமைப்புக் கொள்கைகளைத் தொகுத்தபோது, விலகலை ஒழிக்க முடியாவிட்டால் அது பிறக்கும் இடத்துக்கு முடிந்தவரை அருகிலேயே கட்டுப்படுத்த வேண்டும் என்றார். தகவலும் அப்படித்தான், செயல்பட வேண்டியவரிடம் முதலில் போக வேண்டும், மேலதிகாரி வழியாகச் சுற்றி வரக்கூடாது. நம் வார்டில், நாளை யார் போவார் என்று முந்தின மாலையே நர்ஸுக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. பொத்தான் வைத்திருக்கும் டாக்டருக்கு அதிகாரம் உண்டு, அழுத்த விருப்பம் இல்லை. அட்டவணையில் இப்படித் "தெரிந்தவர்" ஒரு பெயராகவும் "முடிந்தவர்" வேறு பெயராகவும் இருக்கும் வரிகளை வட்டமிடுங்கள்.

ஆறாம் படி: இரண்டு பக்கத்தையும் சேர்த்து மாற்றுங்கள்

இங்கேதான் பழைய பழக்கம் திரும்ப வரும். கணினிப் பிரிவு உடனே "நாலு திரை சேர்த்துடலாம்" என்று கிளம்பும். கொஞ்சம் நிறுத்துங்கள். வட்டமிட்ட ஒவ்வொரு வரிக்கும் மூன்று வகைத் தீர்வையாவது கேளுங்கள்: கருவியை மட்டும் மாற்றினால் என்ன, வேலைப் பகிர்வை மட்டும் மாற்றினால் என்ன, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றினால் என்ன. மூன்றாவதுதான் பெரும்பாலும் மலிவாகவும் இருக்கும்.

நம் உதாரணத்துக்கு: "நாளை போகலாம்" என்று ஒரு குறி. அது எதையும் பூட்டாது. நர்ஸும் வைக்கலாம், டாக்டரும் வைக்கலாம், யாரும் எடுக்கலாம். அதைப் பார்த்து மருந்தகம் மாலையிலேயே திருப்பலை வாங்கிக்கொள்ளும், பில்லிங் இடைக்கணக்கைச் சரிபார்க்கும். பழைய டிஸ்சார்ஜ் பொத்தான் அப்படியே இருக்கட்டும், பூட்டட்டும். கருவியில் மாற்றம் மிகச் சிறியது. உண்மையான மாற்றம், நர்ஸின் ஊகத்துக்கு ஓர் அதிகாரப்பூர்வமான இடம் கிடைப்பது.

எவ்வளவு விதி போடுவது என்பது அடுத்த கேள்வி. குறைவாகப் போடுங்கள். கட்டாயம் எது வேண்டுமோ அதை மட்டும் சொல்லிவிட்டு, எப்படிச் செய்வது என்பதைச் செய்கிறவர்களிடம் விடுவதும் செர்ன்ஸ் கொள்கைகளில் ஒன்று. "மாலை ஏழு மணிக்குள் குறி வைத்திருக்க வேண்டும்" போதும். யார் வைப்பது, கூடி முடிவெடுப்பதா, நடந்துகொண்டே பேசுவதா என்பதை வார்டு பார்த்துக்கொள்ளும்.

அளவுகோலையும் பாருங்கள், இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். மருந்தகத்தை வெளிக்கவுன்டர் வரிசையின் நீளத்தை வைத்து மட்டும் எடைபோட்டால், வார்டிலிருந்து வரும் திருப்பல் எப்போதும் கடைசியில்தான் நிற்கும், எத்தனை சுற்றறிக்கை விட்டாலும். அதேபோல, "நாளை போகலாம்" குறி எவ்வளவு சரியாக இருந்தது என்று நர்ஸுக்கு மதிப்பெண் போட ஆரம்பித்தால், மறுநாளே குறி வைப்பது நின்றுவிடும். ஊகம் தவறலாம் என்ற சுதந்திரம்தான் அந்த நோட்டின் உயிர். கேள்விக்குறி போட இடம் வையுங்கள்.

யார் வடிவமைப்பது? வேலை செய்கிறவர்கள். 1953இல் டாவிஸ்டாக்கின் ஏ. கே. ரைஸ் அகமதாபாத் காலிகோ துணி ஆலைக்கு வந்தபோது, அங்கே தானியங்கித் தறிகள் ஓடியும் உற்பத்தி எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. வேலைகள் நுணுக்கமாகப் பிரிக்கப்பட்டிருந்தன, ஆனால் இந்தத் தறிகள் எங்கள் பொறுப்பு என்று சொல்ல ஒரு குழுவும் இல்லை. குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு சிறு குழு என்ற யோசனையை ரைஸ் முன்வைத்ததும், தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் அதைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு, யார் எந்தக் குழு என்பதைத் தாங்களே அமைத்தார்கள். உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் திரும்பிப்போய்ப் பார்த்தார். ஓரிடத்தில் அந்தக் குழு முறை பெரும்பாலும் அப்படியே நிலைத்திருந்தது, மற்ற இடங்களில் கரைந்துபோயிருந்தது. ஒருமுறை செய்துவிட்டால் தானாக நிற்கும் என்று நினைக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. "ஊழியர்களையும் கலந்தாலோசித்தோம்" என்ற சடங்கு உண்டு. எல்லாம் முடிவான பிறகு ஒரு கூட்டம், ஒரு படிவம், தேநீர். அதைவிடக் கேட்காமலே இருந்திருக்கலாம். அடுத்த தடவை நீங்கள் நிஜமாகக் கேட்கும்போது ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஏழாம் படி: சிறிய இடத்தில், திரும்பி வர வழி வைத்து

1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, வண்டிகளை அனுப்பும் வேலையைக் கணினிக்கு முழுமையாக மாற்றியது. அதற்கு முன், அழைப்புகள் தாளில் எழுதப்பட்டு, தங்கள் பகுதியும் வண்டிகளும் அத்துப்படியான ஊழியர்களிடம் போகும். புதிய முறையில் லண்டன் முழுவதும் ஒரே பரப்பு, அருகில் இருக்கும் வண்டியைக் கணினி தேர்ந்தெடுக்கும். கட்டுப்பாட்டு அறையின் இருக்கைகளும் மாற்றப்பட்டன, தாள் முறை விலக்கப்பட்டது. வண்டியில் இருப்பவர்கள் தங்கள் நிலையைப் பொத்தான் அழுத்தித் தெரிவிக்க வேண்டும். வானொலித் தொடர்பு கிடைக்காத இடங்களும் தவறான அழுத்தல்களும் சேர, வண்டி எங்கே இருக்கிறது என்ற கணினியின் கணக்கு உண்மையிலிருந்து விலகியது. எச்சரிக்கைச் செய்திகள் குவிந்தன. வண்டி வராதவர்கள் மீண்டும் அழைத்தார்கள், அழைப்புகள் இன்னும் பெருகின. முன்பாக இருந்தால் ஊழியர் ஒருவர் "அந்த வண்டி அங்கே இருக்காதே" என்று பிடித்திருப்பார். இப்போது பிடிக்க அவருக்கு இடமே இல்லை. சில நாள் கழித்து, நவம்பர் 4 அன்று, கணினியும் நின்றது.

ஆகவே ஒரு வார்டு, ஆறு வாரம். முதலில் மென்பொருளைத் தொடவே வேண்டாம், வெள்ளைப் பலகையில் காந்த வில்லை ஒட்டிப் பாருங்கள். பலகையிலேயே ஓடாத யோசனை திரையில் ஓடாது, பலகையை மாற்ற ஐந்து நிமிடம், திரையை மாற்ற ஐந்து மாதம். எந்த நிலை வந்தால் பழைய முறைக்குத் திரும்புவது, யார் அதைச் சொல்லலாம் என்பதைத் தொடங்குமுன் எழுதி வையுங்கள். இரவு ஷிஃப்டில் இருப்பவருக்கும் அந்த உரிமை வேண்டும்.

அளப்பதில், நல்லது நடக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். முடிவுக்கும் கிளம்பலுக்கும் இடைப்பட்ட நேரம் குறைந்ததா என்பதோடு, ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்தவர்கள் கூடினார்களா, நர்ஸ்கள் ஷிஃப்ட் முடிந்தும் எவ்வளவு நேரம் நின்றார்கள், பக்கத்து வார்டின் தாமதம் ஏறியதா என்றும் பாருங்கள். ஓரிடத்தில் அமுக்கினால் இன்னோரிடத்தில் புடைக்கும். சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள், மிக மோசமான ஐந்து நாட்களைத் தனியாக எடுத்து என்ன நடந்தது என்று கேளுங்கள். அதிலிருந்து தெரிவது அதிகம்.

எப்போது இது வேண்டாம்

பிரிண்டர் கெட்டுப்போனால் பிரிண்டரைச் சரிசெய்யுங்கள், அட்டவணை போட உட்காராதீர்கள். ஒரே துறைக்குள் நடப்பது, காரணம் வெளிப்படை, ஒருவர் முடிவெடுத்தால் தீரும் என்ற பிரச்சினைக்கு இவ்வளவு தேவையில்லை. இரண்டு முறை சரிசெய்தும் திரும்பத் திரும்ப வருவது, ஒவ்வொரு துறையும் அடுத்த துறையைக் கைகாட்டுவது, புதுக் கருவி வந்த பிறகு வேலை கூடியது: இவை தென்பட்டால்தான் இந்தப் பாதை.

அதிகாரப் போட்டிக்கும் இது மருந்தல்ல. இரண்டு துறைத் தலைவர்கள் ஒருவரையொருவர் கவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் அட்டவணை இருவருக்கும் ஆயுதமாகும். அப்போது முதலில் இருவருக்கும் மேலே இருப்பவரிடம் பேசுங்கள். அவர் அசையவில்லை என்றால், வெளிப்படையாகச் சொல்கிறேன், வேறு பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள்.

நேரக் கணக்கு கேட்பவர்களுக்கு: பகுதிநேரமாக இரண்டு மூன்று பேர் செய்தால் முதல் ஐந்து படிக்கு ஒரு மாதம் பிடிக்கும், அதில் பாதி இரண்டாம் படிக்கே. மேலிடம் அவசரப்படுத்தினால் நான்காம் படியைச் சுருக்கலாம், நாற்பதுக்குப் பதில் பதினைந்து விலகல். இரண்டாம் படியை மட்டும் சுருக்காதீர்கள்.

மூன்று மாதம் கழித்து அதே வார்டுக்கு ஒரு ஷிஃப்ட் திரும்பப் போங்கள். "நாளை போகலாம்" குறி திரையில் ஏறியிருக்கும், மூத்த நர்ஸின் பழைய நோட்டு நின்றிருக்கும். அவருக்குப் பக்கத்தில் இருக்கும் இளைய நர்ஸ் ஏதோ ஒரு புது நோட்டில் கோடு கிழித்து எழுதிக்கொண்டிருப்பார். உட்கார்ந்து, அந்தக் கோடுகளுக்கு நடுவே என்ன எழுதுகிறார் என்று கேளுங்கள்.